அறிந்ததும் உணர்ந்ததும்
(யூபிலி விழாவில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குரு கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். குருவும் ஐந்து சீடர்களும் ஆற்றைக் கடந்து கரையேறித் தலை எண்ணுகிறார்கள். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறான். ஆறு பேர் ஐந்தாகிறார்கள். ஒருவனை ஆறு கொண்டுபோயிற்றென்று அழுகை! அவர்களுக்கு எண்ணத் தெரியாமல் இல்லை. சதுரகராதி தந்த பேரறிஞர் இப்படியும் ஒரு கதை எழுதினாரே என்று நான் வியப்பதுண்டு.

நானும் அப்படி எண்ணியவன்தான். குருமடத்தில் அருளப்பர் நற்செய்தியின் 15-ஆம் அதிகாரத்தைக் கிரேக்க மொழியில் படித்தோம். தந்தை கொடியைக் கழிக்கிறார் என்னுமிடத்தில் வரும் சொல்லுக்குத் தூய்மை செய்தல் என்றும் பொருள். அடுத்த வசனத்தில் சீடர்களைத் தூய்மையானவர்கள் என்பதும் அதே வேர்ச்சொல்தான். தேர்வில் இதை எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். அதுவரை திராட்சைக் கொடியைக் கண்ணால் கண்டதில்லை.

கொடைரோட்டுப் பக்கம் வந்த புதிதில் ஒரு விவசாயி வீட்டில் துக்கம். வாலிப மகன் போய்விட்டான். அடக்கப் பிரசங்கத்தில் இந்த விளக்கத்தையெல்லாம் சொன்னேன். கனி தரவே கடவுள் கிளையைக் கழிக்கிறார் என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை.

சில மாதம் கழித்து என்னைத் தோட்டத்துக்கு அழைத்தார். அப்போதுதான் கவாத்து முடிந்து பந்தல் மொட்டையாக இருந்தது. வெட்டிய இடமெல்லாம் சொட்டுச் சொட்டாக நீர். "பனியா?" என்றேன்.

"பனி இல்லீங்க சாமி. கொடி அழுவுது."

நம் பக்கம் குளிர் போதாதாம். கொடி தானாக இலை உதிர்த்து ஓய்வதில்லை. வெட்டாமல் விட்டால் நுனியிலேயே தழைத்து ஓடும், காய்ப்புக் குறையும். கவாத்துக்குப் பின் வரும் புதுத் தளிரில்தான் பூங்கொத்து. பழம் பறிக்க ஏறக்குறைய நாலு மாதம். எத்தனை கணு விட்டு வெட்டுவது என்பதைக் கொடிக்குக் கொடி பார்த்துத்தான் முடிவு செய்வாராம்.

பிறகு மெதுவாகச் சொன்னார்: "அன்னிக்கு நீங்க சொன்னது தப்புன்னு சொல்லலை சாமி. ஆனா வெட்டுன அன்னிக்கே கொடிகிட்ட பழத்தைப் பத்திப் பேசுவாங்களா?"

எனக்குப் பதில் வரவில்லை. ஊரே அந்தப் பிரசங்கத்தைப் புகழ்ந்திருந்தது! கிரேக்கச் சொல் எனக்குத் தெரியும். பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன் காதில் அது எப்படி விழும் என்பது தெரியவில்லை. எதிரே அழுதுகொண்டிருந்தவரை நான் எண்ணவே இல்லை.

இப்போதெல்லாம் துக்க வீட்டுக்குப் போனால் திண்ணையில் பேசாமல் உட்கார்ந்துவிடுகிறேன். சாமிக்கு வயதாகிவிட்டது, பிரசங்கம் சுருங்கிவிட்டது என்று சிலர் சொல்வதும் காதில் விழுகிறது. அந்தப் பெரியவர் அங்கே இருந்தால், சற்று நகர்ந்து எனக்கு இடம் விடுவார்.