கிளட்ச் பழுதும் நமது பொறுப்பும்



காலையில் நாம் சீவிச் சேர்க்கும் பால், அம்மோனியா கலக்காவிடில் சில மணி நேரத்தில் உறையத் தொடங்கிவிடும் என்பதை அனைவரும் அறிவோம். நாம் அறிந்த ஒரு தோட்டத்தில், பால் ஏற்றிவந்த பிக்கப் வண்டி மேட்டுப் பாதையின் நடுவே நின்றுவிட்டது. கிளட்ச் மிதி தரையோடு ஒட்டிக்கொண்டது, கியர் விழவில்லை. வேறு வண்டி வருவதற்குள் பால் கட்டியாகிவிட்டது. கட்டிப்பாலுக்கு விலை குறைவு. பழி முழுவதும் ஓட்டுநர் மீது விழுந்தது. ஆயினும், மூன்று வாரங்களாகவே அவ்வண்டியின் அடியில் எண்ணெய் சொட்டியதைப் பலரும் கண்டிருந்தனர், எவரும் வாய்திறக்கவில்லை. எனவே, இப்பழுதினைப் பற்றி இன்று சிந்திப்போம்.

மிதியை அழுத்தும்பொழுது, மேல் பம்பிலுள்ள பிரேக் எண்ணெய் குழாய் வழியே சென்று கீழ்ப் பம்பைத் தள்ளுகிறது. அது பேரிங்கை நகர்த்திக் கிளட்ச் தட்டை விடுவிக்கிறது. பல வண்டிகளில் கீழ்ப் பம்பு கியர்ப் பெட்டிக்கு வெளியே இருக்கும், எளிதில் மாற்றிவிடலாம். சில வகைப் பிக்கப்புகளில், கியர்ப் பெட்டியின் முன்புறத்திலுள்ள மணி போன்ற கூட்டுக்குள், தண்டைச் சுற்றி வளையமாக, பேரிங்குடன் ஒன்றாக அமைந்திருக்கும். 1990களில் அமெரிக்காவில் விற்பனையான ஃபோர்டு ரேஞ்சர் இவ்வகையினது. கியர்ப் பெட்டியை இறக்காமல் இப்பம்பைத் தொடவும் இயலாது.

ஆகவே, முதலில் பழுது எங்கே என்பதை உறுதிசெய்ய வேண்டும். மிதியின் அடியில் ஈரமிருந்தால் மேல் பம்பு. குழாயில் ஈரமிருந்தால் குழாய். மணிக்கூட்டின் அடியில் சொட்டினால் உட்பம்பு எனச் சந்தேகிக்கலாம். எஞ்சின் எண்ணெயும் அங்கே வடிவதுண்டு. சொட்டியதைச் சிறிது நீரில் கலந்து பாருங்கள்: பிரேக் எண்ணெய் நீரில் கரையும், எஞ்சின் எண்ணெய் மிதக்கும்.

எண்ணெய் குறைந்துவிட்டதென்று, கைக்கெட்டிய எஞ்சின் எண்ணெயை ஊற்றுவோரும் உண்டு. இது பெருந்தவறு. பம்பின் உள்ளே இருப்பவை ரப்பர் வளையங்கள். எஞ்சின் எண்ணெயில் அவை ஊதிக் கெட்டுவிடும். ரப்பரின் இயல்பை நம்மைவிட நன்கறிந்தவர் யார்?

கியர்ப் பெட்டி ஏறத்தாழ 40 முதல் 50 கிலோ எடையுள்ளது. வண்டியை ஜாக்கியின் மீது மட்டும் நிறுத்தி அடியில் புகுதல் உயிருக்கே ஆபத்து. சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, உறுதியான தாங்கிகளின் மேல் வண்டியை அமர்த்த வேண்டும். மின்கலத்தின் கம்பியைக் கழற்றிய பின்னர், பின்தண்டு, ஸ்டார்ட்டர், கியர்க் கம்பு ஆகியவற்றை அகற்ற வேண்டும். எஞ்சினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் தனித்தனியே முட்டுக் கொடுத்த பிறகே திருகாணிகளைக் கழற்றலாம். பெட்டியை நேராகப் பின்னோக்கி இழுக்க வேண்டும். அதன் எடை கிளட்ச் தட்டில் தொங்கலாகாது. உள்ளிருக்கும் தூசியைக் காற்றால் ஊதாதீர். பழைய தட்டுகளில் நுரையீரலுக்குக் கேடான ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். ஈரத்துணியால் துடைப்பதே நன்று.

இவ்வளவு உழைத்துப் பம்பை மட்டும் மாற்றிவிட்டு, தேய்ந்த தட்டை அப்படியே விடுதல் சிக்கனமன்று. எண்ணெய் ஊறிய தட்டு வழுக்கும். மறுபடியும் பெட்டியை இறக்க நேரிடும். பொருத்தி முடியும்வரை மிதியை அழுத்தலாகாது. அழுத்தினால் புதிய பம்பு பிதுங்கிக் கெடும். இறுதியில், மூடி திறக்காத புதிய பிரேக் எண்ணெயை ஊற்றி, குழாயிலுள்ள காற்றை முழுவதும் வெளியேற்ற வேண்டும்.

இவ்வேலை பயிற்சி பெற்றோர்க்கு உரியது. நம் பிள்ளைகள் வாகனத் தொழிலை முறையாகக் கற்று, மலேசியத் திறன் சான்றிதழ் பெற்றால், இத்தகைய பழுதுகளைத் தாமே நீக்கி நல்வாழ்வு பெறலாம். ஆனால், சொட்டும் எண்ணெயைக் கண்டவுடன் எடுத்துரைக்கும் கடமை நம் எல்லார்க்கும் உண்டு. ஓட்டுநர் ஒருவர் மட்டுமே காக்கக்கூடியதன்று ஒரு வண்டி. அதில் செல்வது நமது உழைப்பு; சில வேளைகளில் நமது உயிருமாகும்.