மூன்று தடவை போன பணம்

(இராஜபாளையத்தில் பஞ்சாலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



முன்பெல்லாம் கூலியைக் கையில் எண்ணி வாங்கினோம். மடியில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். 2017-ல் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்தைத் திருத்தினார்கள். அன்றுமுதல், தொழிலாளியிடம் எழுதி வாங்காமலே சம்பளத்தைப் பாங்கில் போட முதலாளிக்கு வழி பிறந்தது. நூறு நாள் வேலைக் கூலி பாங்குக்கு வந்தது. 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகையும் அங்கேயே வந்தது. மடி போய்க் கார்டு வந்தது. திருடனும் மடியை விட்டுவிட்டுக் கார்டைத் தேடி வருகிறான்.

நம் ஆலையொன்றில் கோன் வைண்டிங்கில் வேலை செய்யும் ஒரு தாயின் கதையைச் சொல்கிறோம். ராத்திரி ஷிப்டு முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவருக்குப் போன் வந்தது. "பாங்கிலிருந்து பேசுகிறோம், உங்கள் கார்டு முடங்கப் போகிறது" என்றான் ஒருவன். அவன் அனுப்பிய செயலியைப் போனில் ஏற்றச் சொன்னான், ஏற்றினார். வந்த ரகசிய எண்ணைக் கேட்டான், சொன்னார். நாலாயிரம் ரூபாய் போயிற்று.

வெட்கத்தால் நாலு நாள் யாரிடமும் அவர் சொல்லவில்லை. பிறகு சங்க அலுவலகத்துக்கு வந்தார். "பாங்கில் சொல்லிப் புதுக் கார்டு வாங்குங்கள், போதும்" என்று சொல்லி அனுப்பினோம். தோழர்களே, அது எங்கள் தவறு. அதை மறைக்கப் போவதில்லை.

அவர் வாய்ச்சொல்லாகச் சொன்னார். புதுக் கார்டு வாங்கினார். அடுத்த மாதம் சம்பளம் விழுந்த அன்றே மூவாயிரத்து ஐந்நூறு போயிற்று. எப்படி? திருடன் ஏற்றச் சொன்ன செயலி போனிலேயே இருந்தது. மகன் ரீசார்ஜ் செய்யப் புதுக் கார்டின் எண்ணை அந்தப் போனில்தான் அடித்தான். திருடன் எங்கோ இருந்துகொண்டு அதைப் பார்த்தான். ரகசிய எண்ணையும் அவனே படித்துக்கொண்டான். பூட்டை மாற்றினோம், உள்ளே இருந்தவனை வெளியேற்றவில்லை.

இம்முறை நாங்களும் கூடப் போனோம். எழுத்தில் புகார் கொடுத்து, நேரத்தோடு ரசீது வாங்கினோம். அப்படியும் பாங்கில் உடனே கார்டை முடக்கவில்லை. இரண்டே நாளில் இன்னும் இரண்டாயிரம் போயிற்று.

மூன்று திருட்டில் திரும்பி வந்தது எது தெரியுமா? கடைசி இரண்டாயிரம் மட்டும். ஏன்? ரிசர்வ் பாங்கு 2017 ஜூலை 6-ல் ஒரு சுற்றறிக்கை விட்டது. வாடிக்கையாளரே ரகசிய எண்ணைச் சொல்லியிருந்தாலும், அவர் தெரிவிக்கும் வரையிலான நஷ்டமே அவருடையது; தெரிவித்த பிறகு போவதெல்லாம் பாங்கின் நஷ்டம் என்று அது கூறியது. அந்தப்படி பார்த்தால் மூவாயிரத்து ஐந்நூறும் பாங்கு கொடுக்க வேண்டியதே. ஆனால் முதல் தடவை தெரிவித்ததற்கு அத்தாட்சி இல்லை! ஒரு துண்டுக் காகிதம் இல்லாததால் ஒரு தாயின் பல நாள் உழைப்பு போயிற்று.

தவறு எப்போதும் நம்முடையது என்றும் எண்ண வேண்டாம். 2016-ல் நாடெங்கும் 32 லட்சம் கார்டுகளின் விவரம் அபாயத்துக்குள்ளானது. ஏ.டி.எம். பணிகளை நடத்திய ஹிட்டாச்சி பேமெண்ட் சர்வீசஸ் கம்பெனியின் கம்ப்யூட்டருக்குள் கள்ள நிரல் புகுந்ததே காரணம். 19 பாங்குகளில் 641 பேர் 1.3 கோடி ரூபாய் இழந்ததாகக் கணக்குச் சொன்னார்கள். அவர்கள் யாரிடம் எண்ணைச் சொன்னார்கள்? இப்படி இருபக்கமும் தவறில்லாமல் பணம் போனால், பாங்கின் தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் நமக்கு ஒரு பைசா நஷ்டமில்லை என்றும், பத்து வேலை நாளில் தொகையைக் கணக்கில் வைக்க வேண்டும் என்றும் அதே சுற்றறிக்கை சொன்னது. குற்றம் நம்முடையது என்று நிரூபிக்கும் பொறுப்பையும் பாங்கின் மீதே வைத்தது.

ஆகவே செய்ய வேண்டியவை இவை. பணம் போனதும் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். ஒவ்வொரு நிமிடமும் பணம் கைமாறிக்கொண்டே போகிறது. பாங்கில் சொல்லிக் கார்டை முடக்கி, புகார் எண்ணை வாங்குங்கள். முன்பின் தெரியாதவன் ஏற்றச் சொன்ன செயலியை அழித்து, எல்லா ரகசிய எண்களையும் மாற்றுங்கள். அதற்குப் பிறகே புதுக் கார்டு. கார்டில் ஆன்லைன் செலவையும் வெளிநாட்டுச் செலவையும் நாமே நிறுத்திவைக்கலாம்; தேவைப்படாதவர்கள் நிறுத்திவையுங்கள். முப்பது நாளில் பாங்கு தீர்க்காவிட்டால் ரிசர்வ் பாங்கின் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம், கட்டணமில்லை. கிரெடிட் கார்டு உள்ளவர்களுக்கும் வழி இதுவே.

ஸ்ரீவில்லிபுத்தூரில் களையெடுக்கும் பெண்ணுக்கும் இங்கே நூல் இழுக்கும் பெண்ணுக்கும் ஒன்றைச் சொல்கிறோம். ஏமாந்ததற்கு வெட்கப்பட்டு வாய்மூடிக் கிடப்பதே திருடனுக்குப் பெரிய துணை. படித்த அதிகாரிகளும் ஏமாறுகிறார்கள். வெட்கம் திருடியவனுக்கு இருக்கட்டும். புகார் எழுதத் தெரியாதவர்கள் அலுவலகத்துக்கு வாருங்கள். எழுதித் தருகிறோம், கூடவும் வருகிறோம். இனி எவரையும் "புதுக் கார்டு வாங்கினால் போதும்" என்று சொல்லித் திருப்பி அனுப்ப மாட்டோம்!