கச்சான் காலத்தில் தோலும் கூந்தலும்

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவியர் சங்கம் உப்புவெளியில் நடத்திய ஒன்றுகூடலில், சங்க உறுப்பினரான மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பாடசாலையின் நூறாவது ஆண்டில் உடல்நலம் பற்றிப் பேசுமாறு சங்கத்தினர் கேட்டபோது, இருதய நோயா, இரத்த அழுத்தமா என்று கேட்டேன். "அதெல்லாம் எல்லாரும் சொல்லுறதுதானே. இந்தக் கச்சானுக்குத் தோல் வெடிக்குது, தலைமயிர் தும்பாய்ப் போகுது. அதைச் சொல்லும் பிள்ளை" என்றார் மூத்த அக்கா ஒருவர். நல்ல தலைப்புத்தான் தந்தார். தோல் என்றதும் அழகு பற்றிய பேச்சு என்று பலர் நினைப்பார்கள். ஒரு காலை இழப்பதா, காப்பாற்றுவதா என்ற இடம் வரைக்கும் இந்தத் தலைப்பு எங்களைக் கொண்டுபோகும். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் இந்தக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே கச்சான் இரண்டு. ஒன்று கொறிப்பதற்கு, மற்றது எங்களை வாட்டுவதற்கு. வெளிநாட்டில் பிறந்த எங்கள் பிள்ளைகளுக்கு முதலாவதுதான் தெரியும். இரண்டாவது, மே மாதமளவில் தொடங்கி செப்ரெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று. கடலில் இருந்து வரும்போது அது ஈரக்காற்றுத்தான். மலைநாட்டின் மேற்குச் சரிவில் ஏறும்போது குளிர்ந்து, வட்டவளைப் பக்கத்தில் மழையாகக் கொட்டிவிடுகிறது. ஈரத்தை அங்கே இறக்கிவிட்டு மலையைத் தாண்டி எங்கள் பக்கம் இறங்குகிறது. இறங்கும் காற்று ஒவ்வோர் ஆயிரம் மீற்றருக்கும் ஏறக்குறைய 10 பாகை செல்சியஸ் சூடாகும். "கடல் முன்னால் கிடக்கிறதே, பிறகு ஏன் வறட்சி?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். கடல் கிழக்கே இருக்கிறது, காற்றோ மேற்கே தரையில் இருந்து வருகிறது. எங்களுக்கு மழை ஒக்டோபருக்குப் பிறகு, வடகீழ்ப் பருவக்காற்றோடுதான்.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் ஒஸ்லோவிலும் இருந்து வந்திருக்கும் தோழிகள் இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். குளிர்ந்த காற்றில் நீராவி மிகக் குறைவு. அந்தக் காற்றை வீட்டுக்குள் சூடாக்கினால் அது இன்னும் உலர்ந்த காற்றாகிறது. உங்கள் கச்சான் ஜனவரியில், வீட்டுக்குள்ளே வீசுகிறது. ஆகவே இன்று சொல்லப்போவது இரு பகுதியினருக்கும் பொருந்தும்.

தோல் ஏன் வறள்கிறது? தோலின் மிக வெளிப்படை ஒரு கடதாசியை விட மெல்லியது. அதை ஒரு மதில் என்று வைத்துக்கொள்ளுங்கள். இறந்த கலங்கள் கற்கள், அவற்றுக்கு இடையே உள்ள கொழுப்புப் பொருட்கள் சாந்து. உள்ளே இருக்கும் நீரை வெளியே விடாமலும், வெளியே இருக்கும் கிருமிகளை உள்ளே விடாமலும் காப்பது இந்த மதில்தான். சாந்து கரைந்தால் நீர் வெளியேறும், மதில் வெடிக்கும், அரிப்பு வரும். கணைக்காலில் நகத்தால் மெல்லக் கீறிப் பாருங்கள். வெள்ளைக் கோடு விழுந்தால் மதிலில் சாந்து குறைகிறது என்று அர்த்தம்.

சாந்தைக் கரைப்பது காற்று மட்டுமல்ல, நாங்களும்தான். எங்கள் தோல் இயல்பாகவே சிறிது அமிலத்தன்மை உடையது. சாதாரண சவர்க்காரம் காரத்தன்மை உடையது. கரையோரக் கிணறுகளில் கோடையில் நீர் வற்ற வற்ற உவர் ஏறும். வன்னீரில் சவர்க்காரம் நுரைக்காது. நுரைக்கவில்லையே என்று நாங்கள் இன்னும் இரண்டு தரம் தேய்க்கிறோம். குளிர் நாட்டில் இருப்பவர்கள் கொதிக்கக் கொதிக்கச் சுடுநீரில் அரைமணி நேரம் நிற்கிறார்கள். இரண்டின் பலனும் ஒன்றுதான். வயது நாற்பத்தைந்து, ஐம்பதைக் கடக்கும்போது ஈஸ்ரஜன் குறைவதால் தோல் தானாகவே மெலிந்து உலரத் தொடங்குகிறது. இளமையில் ஒத்துக்கொண்ட அதே சவர்க்காரம் இப்போது எரிவது அதனால்தான்.

ஆகவே வறட்சிக் காலத்தில் நான் சொல்லும் குளிப்பு முறை இது. பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். நீர் இளஞ்சூடாகவோ குளிராகவோ இருக்கட்டும். சவர்க்காரம் அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்குப் போதும். கைக்கும் காலுக்கும் தினமும் தேவையில்லை. பயற்றமா பூசுகிறவர்கள் மெதுவாகப் பூசிக் கழுவுங்கள், உரஞ்ச வேண்டாம். கடலில் குளித்தால் நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவிவிடுங்கள். துவாயால் அழுத்தித் துடைக்காமல் ஒற்றி எடுங்கள்.

இனி வருவதுதான் என் பேச்சில் மிக முக்கியமான வரி. தோலில் ஈரம் இருக்கும்போதே, குளித்து மூன்று நிமிடத்துக்குள், பூச வேண்டியதைப் பூசிவிடுங்கள். எண்ணெயோ வஸ்லினோ தோலுக்கு நீர் கொடுப்பதில்லை. இருக்கும் நீரைப் பூட்டி வைக்கின்றன, அவ்வளவுதான். உலர்ந்த பிறகு பூசினால் வெறும் வீட்டுக்குப் பூட்டுப் போட்டது போல. எதைப் பூசுகிறோம் என்பதை விட எப்போது பூசுகிறோம் என்பதே பெரிது.

எதைப் பூசுவது? விலை அதிகம் என்பதால் பலன் அதிகம் என்றில்லை. நீரைப் பூட்டுவதில் பெற்றோலியம் ஜெலியை மிஞ்சியது எதுவும் இல்லை. பிசுபிசுப்பாக இருப்பதால் இரவில் பூசலாம். கிளிசரின், யூரியா கலந்த கிறீம்கள் நீரை ஈர்த்துப் பிடித்து வைக்கும். யூரியா என்றதும் வயலுக்குப் போடுவதை நினைத்துப் பயப்பட வேண்டாம். எங்கள் தோலிலேயே இயல்பாக உள்ள பொருள் அது. தேங்காய் எண்ணெயும் நல்லதே. 2004ஆம் ஆண்டில் வெளிவந்த பிலிப்பைன்ஸ் ஆய்வொன்றில், உலர்ந்த தோலுக்குத் தேங்காய் எண்ணெய் கனிம எண்ணெய்க்கு இணையாகப் பயன் தந்தது. முகப்பரு உள்ளவர்கள் மட்டும் அதை முகத்துக்குப் பூச வேண்டாம். ஒலிவ் எண்ணெய் உயர்ந்தது என்று நினைத்துக் குழந்தைகளுக்குப் பூசும் வெளிநாட்டுத் தோழிகளுக்கு ஒரு வார்த்தை: அதிலுள்ள ஒலியிக் அமிலம் அந்த மதிலின் சாந்தைக் குலைக்கக் கூடியது. சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் நிறையக் குடித்தால் தோல் பளபளக்கும் என்பார்கள். இந்த வெயிலில் தண்ணீர் குடிப்பது சிறுநீரகத்துக்கும் முழு உடம்புக்கும் அவசியம். ஆனால் மதில் வெடித்திருந்தால் குடித்த தண்ணீர் அதை அடைக்காது. இரண்டையும் செய்ய வேண்டும்.

இனிக் கூந்தல். எண்ணெய் வைத்து, இரட்டைப் பின்னல் பின்னி, ரிபன் கட்டாமல் வாசலைத் தாண்ட முடியாத பாடசாலையில் படித்தவர்கள் நாங்கள். அந்தக் கட்டுப்பாட்டை அப்போது சபித்தோம். ஆனால் அதில் விஞ்ஞானம் இருந்தது. மயிர் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் வளரும். அறுபது சென்ரிமீற்றர் நீளமான கூந்தலின் நுனிக்கு வயது ஐந்து. ஐந்து கச்சானையும் ஐந்து மாரியையும் கண்ட அந்த நுனிக்கு உயிர் இல்லை. உடைந்தால் தானாகச் சீராகாது, காக்கத்தான் முடியும். 2003இல் இந்திய ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டார்கள். மயிரின் புரதம் கழுவுப்பட்டுப் போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அது மயிரின் உள்ளே ஊடுருவுகிறது. ஆகவே முழுகுவதற்குச் சில மணி நேரம் முன்பு, முக்கியமாக நுனிக்கு எண்ணெய் வையுங்கள். காற்றில் விரித்துவிடாமல் பின்னிக் கட்டுங்கள். ஈரத் தலையை இழுத்து வாராதீர்கள். ஷம்பூ உச்சந்தலைக்கு, கொண்டிஷனர் நுனிக்கு.

ஒரு எச்சரிக்கை. தலையில் வெள்ளைச் செதில் உதிர்ந்தால் எல்லாம் வறட்சி அல்ல. பொடுகுக்குக் காரணமான நுண்ணுயிர் கொழுப்பை உண்டு வாழ்வது. அதற்கு எண்ணெய் வைத்து ஊறவிடுவது விருந்து வைப்பதாகும். கீற்றோகொனசோல் உள்ள ஷம்பூவை ஐந்து நிமிடம் விட்டுக் கழுவினால் கேட்கும். தேசிக்காய்ச் சாற்றைத் தலைக்கோ முகத்துக்கோ பூசிக்கொண்டு வெயிலில் போகவே கூடாது. சாறும் வெயிலும் சேர்ந்தால் தோல் வெந்து, மாதக்கணக்கில் கறுப்புத் தழும்பாக நிற்கும்.

நாளொன்றுக்கு ஐம்பது முதல் நூறு மயிர் உதிர்வது இயல்பு. கட்டுக் கட்டாக உதிர்ந்தால் எண்ணெயை மாற்றாதீர்கள், இரத்தத்தைப் பரிசோதியுங்கள். இரும்புச்சத்துக் குறைவோ தைரொயிட் குறைவோ காரணமாக இருக்கலாம். எதைப் பூசியும் நிற்காத அரிப்புக்குப் பின்னால் சிறுநீரக நோயோ ஈரல் நோயோ இருக்கக்கூடும்.

தோல் வறண்டு கறுத்துவிட்டது என்று மருந்தகத்துக்கோ கடைக்கோ போகும் எங்கள் பெண்பிள்ளைகளின் கையில் வந்து சேர்வது பெரும்பாலும் வெள்ளையாக்கும் கிறீம். கேட்டது ஈரத்துக்கு, கிடைத்தது நிறத்துக்கு. விவரம் எதுவும் அச்சிடாமல் குப்பியில் அடைத்து விற்கப்படும் சிலவற்றில் இரசம் இருக்கிறது. பாதரசம் என்று சொன்னால் விளங்கும். அது தோலின் வழியாக உடம்புக்குள் போய்ச் சிறுநீரகத்தைத் தாக்கும். தாயின் கையில் இருந்து குழந்தைக்கும் போகும். மினமாட்டா உடன்படிக்கை 2013இலேயே இதற்குத் தடை எழுதியது. இன்னும் சிலவற்றில் வீரியமான ஸ்ரீரொயிட். இரண்டு கிழமையில் முகம் வெளுக்கும், ஊரே புகழும். சில மாதத்தில் தோல் மெலிந்து இரத்த நாளங்கள் தெரியும், பரு வரும், முகத்தில் மயிர் முளைக்கும், நிறுத்தினால் நெருப்பாய் எரியும். கலியாணம் பேசும் வயதில் இந்தப் பிள்ளைகள் அழுதுகொண்டு வருகிறார்கள். பூசச் சொன்னது பெரும்பாலும் வீட்டில் உள்ள பெரியவர்கள். அக்காமாரே, நாங்களே அந்தப் பெரியவர்கள் ஆகிவிட்டோம். "பிள்ளை கறுத்துப் போயிட்டாள்" என்ற ஒரு வசனத்தை நாங்கள் நிறுத்தினால், பல குப்பிகள் விற்காமல் கிடக்கும்.

கடைசியாகப் பாதம். உள்ளங்காலில் எண்ணெய்ச் சுரப்பிகளே இல்லை. வியர்வை ஒன்றுதான் அதற்கு ஈரம். நீரிழிவு பல ஆண்டுகள் கட்டுப்பாடின்றி இருந்தால் நரம்புகள் பழுதடைகின்றன. வியர்வைக்கான நரம்பு பழுதானால் குதிக்கால் உலர்ந்து பாளம் பாளமாக வெடிக்கும். உணர்ச்சிக்கான நரம்பு பழுதானால் அந்த வெடிப்பு நோவாது. நோவு இல்லாததால் அந்த அம்மா அதைப் பார்ப்பதில்லை. நிலத்தில் இரத்தக்கறை கண்ட பிறகோ, துர்நாற்றம் வந்த பிறகோதான் வைத்தியசாலைக்கு வருகிறார். அப்போது நாங்கள் பேசுவது கிறீமைப் பற்றியல்ல, விரலை எடுப்பதா, கணுக்கால் வரை எடுப்பதா என்பதைப் பற்றி. தொடக்கம் என்னவோ ஒரு பித்தவெடிப்புத்தான்.

கதிர்காமப் பாதயாத்திரை எங்கள் ஊரைக் கடந்து போவது இதே வறண்ட மாதங்களில். கொதிக்கும் தாரிலும் மணலிலும் வெறுங்காலோடு நடப்பவர்களில் நீரிழிவு உள்ளவர்கள் எத்தனையோ பேர். நேர்த்தியைக் கைவிடுமாறு நான் சொல்லவில்லை. போவதற்கு முன் பாத உணர்ச்சியைக் கிளினிக்கில் பரிசோதியுங்கள். உணர்ச்சி குறைந்திருந்தால் செருப்போடு நடவுங்கள். முருகன் கோபிக்க மாட்டான்.

வீட்டில் செய்ய வேண்டியது எளிது. இரவில் பாதத்தைக் கழுவி, ஒற்றி, யூரியா கிறீமோ வஸ்லினோ பூசி, பருத்திக் காலுறை போட்டுப் படுங்கள். விரலிடுக்கில் பூச வேண்டாம், அங்கே ஈரம் நின்றால் பூஞ்சணம் வரும். வெடிப்பை பிளேட்டால் சீவ வேண்டாம். குனிய முடியாதவர்கள் நிலத்தில் கண்ணாடி ஒன்றை வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். புண், கொப்புளம், நிற மாற்றம் எது கண்டாலும் அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள்.

இந்த மலரைக் கடல் கடந்து வாசிக்கப்போகும் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். ஊரில் தனியே இருக்கும் அம்மாவோடு ஞாயிற்றுக்கிழமைகளில் காணொளி அழைப்பில் பேசுகிறீர்கள். "சாப்பிட்டீங்களா அம்மா, மருந்து போட்டீங்களா" என்று கேட்கிறீர்கள். இனி, "அம்மா, காலை ஒருக்கால் தூக்கிக் காட்டுங்கோ" என்றும் கேளுங்கள். வெட்கப்படுவார், "அதுக்கென்ன, நல்லாத்தான் இருக்கு" என்பார். விடாதீர்கள், பார்த்துவிட்டே அழைப்பை முடியுங்கள்.

 நூறு ஆண்டு கண்ட எங்கள் பாடசாலை இன்னும் பல நூறு காண வாழ்த்துகிறேன்.