ஊர்ப்பேச்சும் உடல்நலமும்



செக்கோஸ்லோவாக்கியாவின் ஒத்துழைப்போடு 1960-களில் ஹைதராபாத்தை அடுத்த ராமச்சந்திராபுரத்தில் பி.எச்.இ.எல். ஆலை எழுந்தது. அங்கே வேலைக்கு வந்து குடியேறிய தமிழர்கள் யாரும் இலக்கணம் படித்துத் தெலுங்கு பேசவில்லை. காய்கறிக் கடையில் விலை கேட்டு, எண்களைப் பிடித்துக்கொண்டு, போதும், வேண்டாம் என்று சொல்லிப் பழகியே பேசினார்கள். வெளிநாட்டுக்குத் தனியாகப் புறப்படுகிறவருக்கு வேண்டிய கலையும் இதுதான்.

இந்தக் கலையில் நமக்கு முன்னோடி பயண எழுத்தாளர் ஏ. கே. செட்டியார். காந்தியைப் பற்றிய படச்சுருள்களைத் தேடிப் பல நாடுகளுக்குப் போய், முன்பின் தெரியாதவர்களிடம் பேசிச் சேகரித்து, 1940-ல் ஆவணப்படமாகவே வெளியிட்டார். கூட்டத்தோடு பேருந்தில் ஏறி இறங்கும் சுற்றுலாவில் இந்தத் திறமை வளராது.

ஊராரோடு பேசுவது ஒரு திறமை, உடம்பைக் காப்பது வேறொரு திறமை என்று பலர் நினைக்கிறார்கள். என் கணிப்பில் இரண்டும் ஒன்றே. வியட்நாமை எடுத்துக்கொள்ளுங்கள். காய்கறி மட்டும் போதும் என்று கேட்டால் காய்கறிதான் வரும். ஆனால் அதில் மீன் சாறு ஊற்றியிருப்பார்கள், அல்லது மாட்டெலும்பு வேகவைத்த நீரில் கொதித்திருக்கும். அங்கே சைவச் சாப்பாட்டுக்கு 'சாய்' என்று பெயர். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பௌத்தர்கள் பலர் சைவம் மட்டுமே உண்பார்கள். கிட்டத்தட்ட நம் அமாவாசை, பௌர்ணமிதான்! அந்த நாளில் போய் நின்று அந்த ஒரு சொல்லைச் சொன்னால், கடைக்காரர் நம்மையும் விரதக்காரராக எண்ணிப் பரிவோடு பரிமாறுவார். தாய்லாந்திலோ மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து இருக்கும் கடையைத் தேடினால் போதும். எந்த ஊரானாலும் கூட்டம் நிற்கும் கடையில், கண்ணெதிரே சூடாகச் சமைப்பதை வாங்குங்கள். வெட்டி வைத்த பழமும் ஐஸும் வேண்டாம்.

கைபேசியின் மொழிபெயர்ப்புச் செயலி மருந்துக்கடையில் நன்றாக உதவும். உங்களுக்கு ஒவ்வாத மருந்து எது, சர்க்கரை நோய் உண்டா என்பதையெல்லாம் போகும் நாட்டின் மொழியில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருங்கள். மாத்திரைகளின் வேதிப் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். நம் பாராசிட்டமால் அமெரிக்காவில் அசிட்டமினோஃபென் என்ற பெயரில் விற்கிறது. கோடீன், டிராமடால் சேர்ந்த வலி மாத்திரைகளை முன் அனுமதி இல்லாமல் ஐக்கிய அரபு அமீரகத்துக்குக் கொண்டுபோனால் சட்டச் சிக்கல் வரும். மருத்துவரின் சீட்டு கையில் இருக்கட்டும்.

வயிற்றுப்போக்கு வந்தால் முதல் மருந்து நீர்தான். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைக்காவிட்டால், ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் தட்டையாக ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். ரத்தம் போனாலோ, கடுமையான காய்ச்சல் இருந்தாலோ காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

கடைசியாக, ஆப்பிரிக்காவுக்கோ தென் அமெரிக்காவுக்கோ போக நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அங்குள்ள பல நாடுகளுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கட்டாயம். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் அது செல்லும், பிறகு ஆயுள் முழுதும் போதும். ஹைதராபாத்தில் நாராயண்குடாவிலுள்ள நோய்த்தடுப்பு மருத்துவ நிறுவனத்தில் அந்த ஊசி போடுகிறார்கள். விமானச் சீட்டு எடுத்த கையோடு அங்கே நாள் குறித்துவிடுங்கள்.