வாய்க் காளானும் கடவுள் தண்டனையும்

1981-ம் வருஷம் ஜூன் மாதத்தில், அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகர வாலிபர்கள் ஐவருக்குக் கடுமையான நுரையீரல் ஜுரம் கண்டிருப்பதாயும், சிலருக்கு வாயில் வெள்ளையாய்க் காளானும் படர்ந்திருப்பதாயும் அந்நாட்டுச் சுகாதார இலாகா வெளியிட்டது. அதுதான் பின்னால் எய்ட்ஸ் எனப் பெயர் பெற்றது. பாதிரிமார் சிலர் இது பாவிகளுக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்றார்கள்.

பால் குடிக்கும் குழந்தை வாயிலும் இதே வெள்ளை படர்கிறதே, அது செய்த பாவமென்ன என்று நாம் கேட்கிறோம். காண்டிடா என்னும் இக்காளான் சௌக்கியமாயிருக்கும் பலருடைய வாயிலும் (பாதிரிகள் வாய் உள்பட) குடியிருந்தே வருகிறது. உமிழ்நீரிலுள்ள ஹிஸ்டாட்டின் என்னும் புரதம் அதைத் தாக்குகிறது. அதையும் மீறி உட்புகுமானால், உதவி டி-அணுக்களில் ஒரு வகை இன்டர்லூகின்-17 என்ற பொருளைச் சுரந்து, வாயின் உட்தோலைக் காளான்கொல்லிப் பொருள்களை உண்டாக்கச் செய்வதோடு வெள்ளணுக்களையும் வரவழைக்கிறது. எய்ட்ஸ் கிருமி அழிப்பது இந்த உதவி அணுக்களைத்தான். 1996 முதல் கூட்டு மருந்து சாப்பிட்டவர்களுக்கு அவ்வணுக்கள் பெருகின. வாய்க் காளானும் குறைந்தது. மாத்திரைக்குப் பயந்தா கடவுள் தண்டனையை வாபஸ் வாங்கினார்?