விழாமல் நடப்போம்



மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கியதிலிருந்து நம்ம குழுப் பெண்களே வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்க்கிறாங்க. அப்படியே பெரியவங்க நடையையும் பாருங்கன்னு கேட்டுக்கிறேன். விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அவங்க படுக்கையில். பார்த்துக்கிற மருமகள் வேலைக்குப் போக முடியாது, குழுக் கடன் தவணையும் நிற்கும்.

சீனாவின் தாய்ச்சிப் பயிற்சி விழுவதைக் குறைக்கும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. உடம்புப் பாரத்தை மெதுவா ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றுவதுதான் அதில் முக்கியம். திண்டுக்கல்லில் அதுக்கு மாஸ்டர் தேட வேண்டாம். சுவரைப் பிடிச்சு, பத்து எண்ணும்வரை ஒத்தைக்காலில் நிற்கட்டும். பக்கத்தில் ஆள் இருக்கணும். நாற்காலியில் பத்துத் தடவை எழுந்து உட்காரட்டும். குளியலறைப் பாசியைத் தேய்ச்சு விடுங்க.

அடுத்த கூட்டத்தில் சேமிப்பு கட்டினதும் நாமும் செய்வோம். நமக்கும் அறுபது வரும்.