முதுகுக்குப் பின்னால்: பணயக்கைதிப் படங்களில் பதற்றம் பிறக்கும் இடம்



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்குத் தலைப்பைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பேசுபவருக்கே உண்டு. ‘பணயக்கைதிப் படங்கள்’ என்று எழுதி அனுப்பினேன். கொஞ்சம் கனமான தலைப்பாக இருந்தால் நன்றாயிருக்குமே என்று தொலைபேசியில் ஒரு குரல் தயங்கிக்கொண்டே சொன்னது. கனமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரே அறையில் பத்துப் பேரை அடைத்து, வெளியே நூறு போலீசை நிறுத்தி, இரண்டு மணி நேரம் நம்மை நாற்காலியைவிட்டு எழவிடாமல் செய்வது சாதாரண வேலையில்லை. அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

இந்த வகைப் படத்துக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டால் யாரும் சொல்லிவிடுவார்கள்: துப்பாக்கி, கெடு, ஓடுகிற கடிகாரம், அழுகிற குழந்தை. மட்டமான படத்திலும் இந்த நான்கும் இருக்கின்றன. ஆகவே ஒரு படம் நம்மைப் பிடித்து உட்காரவைப்பதற்கும் இன்னொன்று கொட்டாவி விடவைப்பதற்கும் காரணத்தை வேறிடத்தில்தான் தேட வேண்டும். நான் தேடிக் கண்ட இடம், உள்ளே இருப்பவனோடு பேசுகிறாரே, அந்த நடு ஆள். அவருடைய முதுகுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள், அவர் கொடுத்த வாக்கை அவர்கள் காப்பாற்றுவார்களா என்பதில்தான் பதற்றம் பிறக்கிறது. துப்பாக்கி வைத்திருப்பவன் என்ன செய்வான் என்பதை முதல் பத்து நிமிடத்திலேயே சொல்லிவிடுகிறான். நம் ஆட்கள் என்ன செய்வார்கள் என்பதுதான் கடைசிவரை தெரியாது.

‘தி டேக்கிங் ஆஃப் பெல்ஹம் ஒன் டூ த்ரீ’ என்ற 1974ஆம் ஆண்டுப் படத்தை எடுத்துக்கொள்வோம். ஜான் கோடி எழுதிய நாவலுக்குப் பீட்டர் ஸ்டோன் திரைக்கதை அமைத்தார். இயக்கியவர் ஜோசப் சார்ஜன்ட். ஒட்டு மீசை வைத்த நான்கு பேர் நியூயார்க் சுரங்க ரயிலின் ஒரு பெட்டியைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஒருவரையொருவர் நிறப் பெயரால் கூப்பிட்டுக்கொள்கிறார்கள்: நீலம், பச்சை, சாம்பல், பழுப்பு. பின்னாளில் டரன்டினோ ‘ரிசர்வாயர் டாக்ஸ்’ படத்தில் எடுத்தாண்ட உத்தி இது. கேட்பது பத்து லட்சம் டாலர். கெடு ஒரு மணி நேரம். அதற்குமேல் ஆகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஓர் உயிர். ராபர்ட் ஷா நடித்த நீலம் இதை நிபந்தனைப் பத்திரம் வாசிப்பதுபோலச் சொல்லி முடித்துவிடுகிறான். அவனிடம் நமக்குச் சந்தேகமே இல்லை.

சந்தேகமெல்லாம் இந்தப் பக்கம். ஒலிவாங்கியின் மறுமுனையில் வால்ட்டர் மாத்தாவ், போக்குவரத்துப் போலீஸ் லெப்டினன்ட் கார்பர். அவர் கையில் காசும் இல்லை, கையெழுத்துப் போடும் அதிகாரமும் இல்லை. பணம் தர வேண்டிய மேயர் சளிக்காய்ச்சலில் படுத்திருக்கிறார். இவ்வளவு பணம் கொடுத்தால் நமக்கு என்ன கிடைக்கும் என்று அவர் கேட்க, பதினெட்டு ஓட்டு நிச்சயம் என்கிறார் மனைவி. கட்டுப்பாட்டு அறையிலேயே ஓர் அதிகாரிக்கு, வண்டிகள் ஓடாமல் நிற்பதுதான் பெரிய குற்றம். முப்பத்தைந்து சென்ட் கட்டணத்துக்குச் சாகாவரமா எதிர்பார்க்கிறார்கள் என்று பயணிகள் மேலேயே எரிந்து விழுகிறார். நம் ஊர் அலுவலகங்களில் கால் கடுக்க நின்ற எவருக்கும் இந்த மனிதரை நன்றாகத் தெரியும்.

ஒரு கட்டத்தை மட்டும் கிட்டப்போய்ப் பார்ப்போம். வங்கியில் நோட்டை எண்ணிக் கட்டுக்கட்டாக அடுக்குகிறார்கள். பையோடு போலீஸ் கார் புறப்படுகிறது. கெடு நெருங்குகிறது. பாதி வழியில் கார் விபத்துக்குள்ளாகிறது. சேதி கார்பருக்கு வருகிறது. உண்மையைச் சொன்னால் நிமிடத்துக்கு ஒரு பிணம். நீலத்துக்குக் கண்ணில்லை, அவன் சுரங்கத்துக்குள் இருக்கிறான். அவனுக்கு இருப்பது காது மட்டும். பணம் நிலையத்துக்கு வந்துவிட்டது, இனி தண்டவாளத்தில் நடந்து கொண்டுவர வேண்டியதுதான் பாக்கி என்று கார்பர் அடித்துவிடுகிறார். ஒரு துப்பாக்கிகூடக் காட்சியில் இல்லை. இரண்டு முனையையும் பார்க்கிற நமக்கு மட்டுமே அந்தப் பொய்யின் கனம் தெரிகிறது. மாத்தாவ் குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. அதே சலிப்போடு சொல்கிறார். வேறொரு நடிகராயிருந்தால் நெற்றி வியர்வையைத் துடைத்திருப்பார்.

சுரங்கத்துக்குள் பதுங்கியிருக்கும் போலீஸ்காரர் ஒருவர் பதற்றத்தில் சுட்டுவிடுகிறார். பேச்சை மீறியது கார்பரின் ஆட்கள். தண்டனை அனுபவிப்பது பெட்டிக்குள் இருக்கும் கண்டக்டர். அவரை வெளியே இறக்கி முதுகில் சுடுகிறார்கள். அதற்குப் பிறகு ‘சுட மாட்டோம்’ என்று கார்பர் சொல்லும்போதெல்லாம், சொல்ல இவருக்கு என்ன உரிமை இருக்கிறது என்று நமக்குத் தோன்றிக்கொண்டே இருக்கும். டேவிட் ஷயரின் இசையும் இதற்குத் துணை. பன்னிரண்டு சுர முறையில் அமைத்ததால், எந்தச் சுரத்தில் போய் இளைப்பாறலாம் என்று காது தேடுகிறது, இடம் கிடைப்பதில்லை.

அடுத்த ஆண்டு வந்தது சிட்னி லூமெட்டின் ‘டாக் டே ஆஃப்டர்நூன்’. 1972 ஆகஸ்ட் 22 அன்று புரூக்ளினில் நடந்த வங்கிக் கொள்ளை முயற்சிதான் கதை. அல் பசீனோ சோனியாகவும், ஜான் கஸால் சாலாகவும் நடித்தார்கள். இந்தத் திருடர்களுக்கு ஒன்றும் சரியாக அமையவில்லை. பெட்டகத்தில் இருப்பது ஆயிரத்துச் சொச்சம் டாலர். கூட வந்த மூன்றாமவன் பயந்து கழன்றுகொள்கிறான். பதிவேட்டைக் கொளுத்தப்போய்ப் புகை வெளியே தெரிந்துவிடுகிறது. தொடக்கத்தில் ஓடும் பாட்டைத் தவிரப் படத்துக்குப் பின்னணி இசை கிடையாது. மின்விசிறிகளும் ஹெலிகாப்டரும் கூட்டத்தின் கூச்சலும்தான் இசை.

காவல் அதிகாரி மொரெட்டியாக வரும் சார்ல்ஸ் டர்னிங்கின் நிலையைப் பாருங்கள். தெருவில் சோனியோடு முகத்துக்கு முகம் நின்று பேசுகிறார். பேசிக்கொண்டே திரும்பித் திரும்பித் தன் ஆட்களைப் பார்த்து, துப்பாக்கியை இறக்குங்கடா என்று கத்துகிறார். யாரோடு அவருக்குச் சண்டை என்று ஒரு நிமிடம் நமக்கே குழம்பிவிடுகிறது. முன்வாசலில் பேச்சு நடக்கும்போதே பின்பக்கத்தில் போலீஸ் நுழையப் பார்க்கிறது. உள்ளே சோனி சுடுகிறான். மொரெட்டியின் பேச்சுக்கு அதோடு மதிப்புப் போயிற்று.

சோனி தெருவில் நின்று ‘அட்டிகா’ என்று கத்துவதும் கூட்டம் அவனோடு சேர்ந்து கத்துவதும் சினிமா ரசிகர் எல்லோரும் அறிந்த காட்சி. அந்தப் பெயரின் பின்னணி இங்கே பலருக்குத் தெரியாது. நியூயார்க் மாநிலத்தின் அட்டிகா சிறையில் 1971 செப்டம்பரில் கைதிகள் கிளர்ந்தெழுந்து காவலர்களைப் பிணையாகப் பிடித்தார்கள். நாலு நாள் பேச்சு நடந்தது. 13ஆம் தேதி மாநிலப் போலீஸ் துப்பாக்கியோடு புகுந்தது. செத்தவர்களில் 29 பேர் கைதிகள், 10 பேர் பிணையாகப் பிடிபட்டிருந்தவர்கள். அந்தப் பத்துப் பேரும் காப்பாற்ற வந்தவர்களின் குண்டுக்கே இரையானார்கள். ஓராண்டு கழித்து ஒரு வங்கி வாசலில் அந்தப் பெயர் எதற்காக ஒலிக்கிறது என்பதைச் சொல்லத் தேவையில்லை. அந்த வங்கிச் சம்பவத்துக்கு அடுத்த மாதம், செப்டம்பர் 5 அன்று, மியூனிக் ஒலிம்பிக்கில் இஸ்ரேலிய வீரர்கள் பிடிபட்டார்கள். அங்கேயும் மீட்பு முயற்சியில்தான் பெருஞ்சாவு. அதற்குப் பிறகே நியூயார்க் காவல்துறை, ஃப்ராங்க் போல்ஸ், உளவியல் படித்த ஹார்வி ஷ்லாஸ்பர்க் ஆகியோரைக் கொண்டு பணயக்கைதிப் பேச்சுவார்த்தைக்கென்று ஒரு தனிக்குழுவை 1973இல் அமைத்தது. அவசரப்படாதே, பேச்சை வளர்த்து நேரத்தைக் கடத்து என்பது அவர்களுடைய அடிப்படைப் பாடம். நான் சொன்ன இரண்டு படங்களும் இந்தத் தொழில் நடை பழகிக்கொண்டிருந்த ஆண்டுகளில் வந்தவை. அதனால்தான் அவற்றில் பேசுகிறவர்களுக்கு விதிமுறை தெரியாத தடுமாற்றம் அத்தனை இயல்பாக இருக்கிறது.

உள்ளே இருப்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘டாக் டே ஆஃப்டர்நூன்’ படத்தில் வங்கியின் தலைமைக் காசாளர் பெண்மணி வாசல்வரை வந்துவிடுகிறார், தப்பிவிடலாம். என் பெண்கள் உள்ளே இருக்கிறார்கள் என்று சொல்லித் திரும்பிப் போய்விடுகிறார். அந்த ஒரு நடையால் பெண்கள் அத்தனை பேரும் நமக்குச் சொந்தமாகிவிடுகிறார்கள். கைக்குழந்தைக்காரி, இதய நோயாளி, நிறைமாதக் கர்ப்பிணி என்று பட்டியல் போட்டு இரக்கம் வாங்கும் படங்கள் இந்த இடத்தில்தான் தோற்கின்றன.

வாக்குக் கொடுத்தபடி திருடர்களை விமான நிலையத்துக்குக் கொண்டுபோகும் வண்டியை ஓட்டுபவன் எஃப்.பி.ஐ. ஆள். துப்பாக்கி முனையை மேலே தூக்கிப் பிடி, குலுக்கலில் வெடித்துவிடப்போகிறது என்று சாலிடம் அக்கறையாகச் சொல்கிறான். சால் கேட்டுக்கொள்கிறான். இறங்கும் நேரத்தில் இன்னொரு தடவை சொல்கிறான். முனை மேலே போன அந்த நொடியில் ஒளித்துவைத்திருந்த துப்பாக்கியை எடுத்துச் சாலைச் சுட்டுவிடுகிறான். கைதிகள் பிழைத்தார்கள், நல்லதுதான். ஆனாலும் நம் வயிற்றில் ஏதோ புரளுகிறது. நாமும் அந்த வாக்கை நம்பியிருந்தோம்.

‘டை ஹார்ட்’ (1988) இந்த வரிசையில் வராது, அது ஒற்றை வீரனின் படம் என்று நண்பர்கள் வாதிடுவார்கள். நான் எதிர்க்கட்சி. அதில் கொள்ளையன் ஹான்ஸ் க்ரூபர் நடத்தும் பேரமே நாடகம். பத்திரிகையில் படித்த புரட்சிக்காரர்களின் பெயரைச் சொல்லி விடுதலை கேட்கிறான். அவனுக்கு வேண்டியது வெளியே இருப்பவர்கள் சட்டப் புத்தகப்படி நடந்துகொள்வது. எஃப்.பி.ஐ. அப்படியே கட்டடத்தின் மின்சாரத்தைத் துண்டிக்கிறது, பெட்டகத்தின் கடைசிப் பூட்டு தானே திறந்துகொள்கிறது. ஹெலிகாப்டரில் போகும்போது, பிணைக்கைதிகளில் நாலில் ஒரு பங்கு போகும் என்று ஓர் அதிகாரி கணக்குச் சொல்ல, பரவாயில்லை என்கிறார் இன்னொருவர். ப்ரூஸ் வில்லிஸின் மக்ளேனுக்கு நம்பிக்கையான ஒரே மனிதர், கீழே வானொலியோடு நிற்கும் சார்ஜன்ட் பவல். அந்த இருவரின் பேச்சை எடுத்துவிட்டால் மிச்சம் கண்ணாடி உடைவது மட்டும்தான்.

தமிழில் இதைப் பார்த்து எடுத்தவர்கள் மக்ளேனை வாங்கிக்கொண்டு பவலை விட்டுவிட்டார்கள். ‘பீஸ்ட்’ (2022) படத்தில் செல்வராகவன் ஏற்ற பேச்சுவார்த்தை அதிகாரி சுவையான மனிதர்தான். ஆனால் உள்ளே விஜய் இருக்கிறார் என்று தெரிந்த பிறகு வெளியே என்ன பேசினால் என்ன? பேரம் முறியுமோ என்ற அச்சம் யாருக்கும் வருவதில்லை. நாயகனின் பலத்தை ஏற்ற ஏற்றக் கைதிகளின் ஆபத்து குறைகிறது. இந்தக் கணக்கை மாற்றிப் போட எந்த இயக்குநராலும் முடியாது.

ராதாமோகனின் ‘பயணம்’ (2011) இதைப் புரிந்துகொண்ட படம். கடத்தப்பட்ட விமானம் திருப்பதியில் இறங்கி நிற்கிறது. 1999 டிசம்பரில் காந்தகாருக்குக் கடத்தப்பட்ட விமானத்தின் நிழல் படம் முழுக்க இருக்கிறது. விடுவிக்க வேண்டிய கைதியே விபத்தில் செத்துப்போக, அவன் சாயலில் ஒருவரைத் தயார்செய்ய வேண்டிய நிலைக்கு அரசுத் தரப்பு தள்ளப்படுகிறது. கையில் இல்லாத சரக்குக்கு விலை பேசுவது. கார்பரின் பொய்யும் இதே சாதிதான். நகைச்சுவைத் துணுக்குகளைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம் என்பது என் குறை. பயணிகளில் ஒரு சினிமா நாயகனை உட்காரவைத்து, நீங்கள் ஏன் சார் இவர்களை அடித்துப்போடக் கூடாது என்று ரசிகனைக் கேட்கவைத்ததை மட்டும் ஒருபோதும் வெட்டக் கூடாது. மேலே சொன்ன கணக்கை அந்த ஒரு பாத்திரத்தில் ராதாமோகன் போட்டுக் காட்டிவிட்டார்.

போலீசும் அரசும் இல்லாமல், நடு ஆளின் முதுகுக்குப் பின்னால் அவன் சொந்த வாழ்க்கையே நின்றால்? அகிரா குரோசாவா 1963இல் அதை எடுத்தார்: ‘ஹை அண்ட் லோ’. செருப்புக் கம்பெனி அதிகாரி கோண்டோ, வீட்டை அடமானம் வைத்துக் கம்பெனியைக் கைப்பற்றப் பணம் திரட்டியிருக்கும் இரவில் தொலைபேசி அடிக்கிறது. உன் மகனைத் தூக்கிவிட்டோம், மூன்று கோடி யென் கொடு. உடனே சம்மதிக்கிறான். அப்புறம்தான் தெரிகிறது, அவர்கள் தூக்கியது கார் ஓட்டுநரின் மகனை. தொகை மாறவில்லை. இப்போது கொடுப்பானா? ஏறக்குறைய ஒரு மணி நேரம் அந்த வரவேற்பறையைவிட்டுக் காமிரா நகர்வதில்லை. மனைவி ஒரு பக்கம் கெஞ்சுகிறாள், செயலாளர் வேறு கணக்குப் போடுகிறான், போலீஸ்காரர்கள் பார்வையை எங்கேயோ வைத்துக்கொள்கிறார்கள். ஓரத்தில் தலைகுனிந்து ஓட்டுநர் நிற்கிறார்.  கடத்தியவனை நாம் இன்னும் பார்க்கவேயில்லை. இந்த வகையில் இதற்கு மேலான ஒரு மணி நேரத்தை நான் பார்த்ததில்லை.

பெல்ஹம் படத்தை டோனி ஸ்காட் 2009இல் மறுபடி எடுத்தார். டென்சல் வாஷிங்டன், ஜான் ட்ரவோல்டா என்று பெரிய நடிகர்கள், பத்து லட்சம் ஒரு கோடி டாலராகிவிட்டது, காமிரா ஒரு நொடி நிற்பதில்லை. ஆனால் கார்பர் லஞ்சப் புகாரில் மாட்டிய மனிதராகி, பழியைக் கழுவிக்கொள்ளப் பணப்பையை அவரே தூக்கிக்கொண்டு வில்லனிடம் போகிறார். நாற்காலியைவிட்டு அவர் எழுந்ததுமே நடு ஆள் என்று ஒருவர் இல்லாமல் போய்விடுகிறார். மிச்சம் துரத்தல். மாத்தாவின் கார்பர் அந்த மதியம் முழுக்க வானொலியில் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பச்சைக்குச் சளி, பேச்சுக்கு நடுவே தும்மல் கேட்கும், இவரும் பழக்க தோஷத்தில் வாழ்த்துச் சொல்வார். கடைசியில் தப்பிப்போன ஆளைத் தேடி ஒரு வீட்டுக்குப் போய், விசாரணையில் ஒன்றும் தேறாமல் வெளியேறிக் கதவைச் சாத்தும்போது உள்ளே ஒரு தும்மல். கதவு மறுபடி திறக்கிறது, மாத்தாவின் முகம் எட்டிப் பார்க்கிறது. அந்த முகத்தோடு படத்தை நிறுத்திய சார்ஜன்ட்டுக்குத் துரத்தல் தேவைப்படவில்லை.